மறதிக்கு வேர்க்குமா

அந்த அக்கா யார் சொன்னதையும் நம்ப மாட்டார். அப்பாவைப் பார்த்துக்கொள்ள அவர் வேலைக்கு வந்த முதல் நாளே எனக்கு அது தெரிந்துவிட்டது. அப்பா ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாலுகா ஆபீஸில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்த மனிதர், அந்தத் தோரணை குறையாமல், "எனக்கு ஒரு குறையும் இல்லம்மா. பொண்ணுதான் வீணா பயப்படறா" என்றார். அக்கா தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு அப்படியே தரையில் குந்தி, அப்பாவின் செருப்பைக் கழற்றி, கால்விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அப்பா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"வாய் ஆயிரம் சொல்லும் நைனா. காலக் காட்டு."

"நான் யாருக்கும் நைனா இல்ல" என்றார் அப்பா.

"சரி நைனா. காலக் காட்டு."

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. நான் அவருக்குச் செய்த காரியம் அப்படி. ஒரு நாள், என் வீட்டு ஹாலில், நான் அவருடைய பையைத் திறந்து காட்டச் சொன்னேன். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. சொல்லவும் வாய் வரவில்லை. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா போன பிறகு அப்பாவைத் திருக்கழுக்குன்றத்திலிருந்து கேளம்பாக்கத்தில் என் பிளாட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். எனக்கு நாவலூரில் வேலை. வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீட்டிலிருந்து. அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர், முட்டிவலி. காலையில் நாலு மாத்திரை, மதியம் ஒன்று, இரவு மூன்று. நான் கம்ப்யூட்டரில் பட்டியல் போட்டு, கலர் அடித்து, பிரின்ட் எடுத்து, பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருந்தேன். காலையில் எழுந்ததும் அப்பா விரலில் குத்தி, சர்க்கரை எவ்வளவு என்று அதில் எழுதுவேன். வருகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டு, "உன்னை மாதிரி யார் பார்ப்பாங்க" என்பார்கள். அந்தப் பேச்சு எனக்கு வேண்டியிருந்தது. ஹாலில் ஒரு கேமராவும் மாட்டியிருந்தேன். ஆபீஸில் உட்கார்ந்து பத்து நிமிடத்துக்கு ஒருதரம் போனில் அப்பாவைப் பார்ப்பேன். மீட்டிங்கில் யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் எனக்குப் பாதிதான் தெரியும்.

அக்கா கோவளத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் எட்டு மணிக்கு வருவார், ஆறு மணிக்குப் போவார். ஐம்பது வயது தாண்டியிருக்கும். அவருடைய அம்மாவும் அப்பாவும் கண்டவர்கள் நிலத்தில் நாற்று நட்டு அறுத்துப் பிழைத்தவர்கள். இவர் ஓஎம்ஆர் சாலையில் கட்டடம் எழும்ப எழும்ப சித்தாள் வேலை பார்த்து, பிறகு அந்தக் கட்டடங்களுக்குள்ளேயே கிழவர்களையும் கிழவிகளையும் பார்த்துக்கொள்ள வந்தவர். நர்ஸ் படிப்பெல்லாம் இல்லை. சந்தேகம்தான் அவருடைய படிப்பு.

"தண்ணி குடிச்சியா நைனா?"

"குடிச்சேன்."

அக்கா பால்கனிக்குப் போவார். துளசித் தொட்டியில் விரலை விட்டுப் பார்ப்பார். ஈரமாக இருக்கும். "நீ குடிச்சியா, இது குடிச்சுதா?" என்பார் அங்கிருந்தே. அப்பாவுக்குத் தண்ணீர் குடித்தால் ராத்திரி எழுந்து எழுந்து போக வேண்டும், முட்டி நோகும், அதனால் நான் வைத்துவிட்டுப் போகும் பாட்டில் தண்ணீரை முழுக்கத் துளசிக்கு ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். நானும் பட்டியலில் தண்ணீர் என்ற கட்டத்தில் தினமும் டிக் அடித்துக்கொண்டிருந்தேன். துளசி நன்றாகச் செழித்திருந்தது, அதற்கும் நானே பெருமைப்பட்டேன்.

குளித்தீர்களா என்று கேட்க மாட்டார், துண்டைத் தொட்டுப் பார்ப்பார். சாப்பிட்டீர்களா என்று கேட்க மாட்டார், குப்பைக் கூடையைக் கிளறுவார். அப்பா சொல்லும் எதையும் ஒருதரம் சரிபார்க்காமல் விட்டதே இல்லை. அப்பாவுக்கு அது எவ்வளவு அவமானம் என்று எனக்குத் தெரிந்தது. "இவ்வளவு வருஷ சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்கினது கிடையாது. இந்தம்மா என்னைத் திருடன் மாதிரி விசாரிக்குது" என்று ராத்திரி என்னிடம் புலம்புவார். ஒரு சாயங்காலம் வெந்நீரில் அவர் காலைக் கழுவும்போது, குதிகாலில் ஒரு செருப்பு ஆணி ஏறியிருந்ததை அக்கா கண்டுபிடித்தார். காலையிலிருந்து அப்பா அதோடுதான் நடந்திருக்கிறார். கால் மரத்துப்போனதால் வலியே தெரியவில்லை. அக்கா ஆணியை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். அன்று ஒரு நாள் அப்பா புலம்பவில்லை.

"ஏங்க்கா, ஒருத்தரைக்கூட நம்ப மாட்டீங்களா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வயசானவங்க பொய் சொல்லுவாங்கம்மா. கெட்ட புத்தியில இல்ல, பயம். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போய்டுவாங்கன்னு பயம். புள்ளைங்களுக்கு பாரமாப் பூட்டோம்னு பயம். நாவலூர்ல ஒரு டீச்சரம்மா வூட்ல இருந்தேன். பாத்ரூம்ல வுழுந்துட்டு மூணு நாளு சொல்லவே இல்ல. கட்டில்ல குந்தி சாப்புடுறவங்க திடீர்னு நின்னுகினே சாப்ட்டாங்க. அப்பதான் எனக்கு சந்தேகம். இட்டுகினு போயி படம் எடுத்துப் பாத்தா இடுப்பெலும்புல வெடிப்பு. அவங்க சொல்றாங்கன்னு நாமளும் நம்பிகினு குந்தினா ஆவுமா?"

இதையெல்லாம் கேட்டுவிட்டும் நான் என்ன செய்தேன் பாருங்கள்.

அந்த வருடம் மழைக்காலத்தில் அப்பாவுக்கு மறதி வந்தது. வந்தது என்று நானே முடிவுகட்டினேன். நான் வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒரு நாள், சாயங்காலம் நாலு மணி வாக்கில், டிவி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அது என்ன என்று தெரியாமல் முழித்தார். என்னை அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இன்னொரு நாள் காரணமே இல்லாமல் கத்தினார். அரை மணி கழித்து, டீயும் பிஸ்கெட்டும் ஆன பிறகு, பழையபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்க போனில் மறதி நோயைப் பற்றியே படித்தேன். இன்னும் எத்தனை நாள் என்னை அடையாளம் தெரியும், எத்தனை நாள் தானாகச் சாப்பிடுவார், வேலையை விட வேண்டுமா என்றெல்லாம் மனசு ஓடிக்கொண்டே இருந்தது. நரம்பு டாக்டரிடம் அடுத்த மாதத்துக்கு நேரம் வாங்கினேன். ஆபீஸில் இருந்தாலும் நாலு மணி ஆனால் கை தானாகப் போனை எடுக்கும்.

அப்படி ஒரு நாள் நாலு மணிக்குக் கேமராவைப் பார்க்கிறேன், அக்கா அப்பாவின் தாடையைப் பிடித்து டம்ளரில் எதையோ புகட்டிக்கொண்டிருக்கிறார். மீட்டிங்கை விட்டு வெளியே ஓடி வந்து போன் போட்டேன்.

"என்னக்கா குடுக்கறீங்க?"

"வெல்லத் தண்ணி."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "சுகர்காரருக்கு வெல்லமா? பைத்தியமா உங்களுக்கு? கொல்லப் பாக்கறீங்களா?" என்று லிப்ட் பக்கத்தில் நின்று கத்தினேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்காவின் குரல் ஏறவே இல்லை. "பத்து நிமிசம் முன்னாடி என்னியே யாருன்னு கேட்டாரு. இப்ப பேப்பர் எடுத்துக் குடுன்றாரு. மறதி நோவு வெல்லத் தண்ணில போவுமாம்மா? மறதிக்கு வேர்க்குமா? ஃபேன் சுத்திகினு கீது, சட்டக் காலரு தொப்பலா நனஞ்சிகீது. காலைல குத்துற இல்ல, அத நாலு மணிக்கு ஒரு தபா குத்திப் பாரு."

"டாக்டர் காலைல வெறும் வயித்துல மட்டும்தான் பாக்கச் சொல்லியிருக்கார். காலைல நூத்திப் பத்து. இதைவிட நல்ல நம்பர் எங்க இருக்கு? இனிமே வெல்லம் கையில எடுத்தீங்கன்னா நாளைலேர்ந்து வர வேண்டாம்."

"நம்பர நம்புற. மனுசன பாக்க மாட்டேன்ற" என்று போனை வைத்துவிட்டார். குத்திப் பார்க்கிற கருவி என் அறை பீரோவுக்குள் இருந்தது. சாவி என் பையில்.

எனக்கு அப்போது தெரியாத ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பா மாதம் ஒருமுறை செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் இலவச மாத்திரை வாங்கிவருவார். நான் தனியாரிடம் காட்டி வாங்கித் தருகிறேன், வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டார். ரிட்டயர் ஆன சகாக்கள் நாலு பேர் அங்கே வருவார்கள், அதுதான் விஷயம். அக்கா துணைக்குப் போவார், அப்பாவுக்குப் பதிலாக வரிசையில் நிற்பார். அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவர் கண் அப்பா மேல் இருக்காது. அந்த ஒரு மணி நேரத்தில் வேப்பமரத்தடி பெஞ்சில் இந்தப் பெரிய மனிதர்கள் மாத்திரை மாற்றிக்கொள்வார்கள். ஒருவரிடம் வாயு மாத்திரை மிச்சம், ஒருவரிடம் மூட்டுவலி மாத்திரை மிச்சம். கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். வீணாக்கக்கூடாதாம். அதோடு யாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று போட்டி வேறு. குறைவாக இருப்பவர் மற்ற மூவருக்கும் புத்தி சொல்லலாம், அன்றைக்கு அவர்தான் ராஜா. அப்பாவுக்கு நூற்றுத் தொண்ணூறு இருந்தபோது சிரித்திருக்கிறார்கள். ஒருவர் தன்னிடமிருந்த மாத்திரை அட்டையைக் கொடுத்து, "மதியம் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு போடுங்க சார், அடுத்த மாசம் பேசுவோம்" என்றிருக்கிறார்.

அப்பா போட்டுக்கொண்டார். நான் கொடுத்ததோடு சேர்த்து. நம்பர் இறங்கியது. பெஞ்சில் அப்பா ராஜா ஆனார். வீட்டிலும் நான் கைகுலுக்கினேன். சர்க்கரை இறங்காவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் எனக்கு ஊசி போட்டுவிட்டு நீ ஆபீசுக்கு லேட்டாகப் போவியேம்மா, அதுக்குத்தான் என்று பின்னால் அழுதார். அந்த அழுகையை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

சரி, இனித் தள்ளிப்போட முடியாது.

வெல்லச் சண்டை நடந்த மூன்றாவது நாள், மதியம் அப்பா போன் செய்தார். "அம்மாவோட மோதிரத்தைக் காணோம். இந்தம்மா என் மஞ்சப்பையைக் கொட்டித் தேடிட்டிருந்தா. நான் குளிச்சிட்டு வரேன், கையும் களவுமா நிக்கறா."

மோதிரத்தை அப்பா ஒரு சின்னப் பர்ஸில் போட்டு அந்தப் பையில்தான் வைத்திருந்தார். நான் ஆட்டோ பிடித்தேன். நாவலூரிலிருந்து கேளம்பாக்கம் வருவதற்குள் ஆயிரம் சிக்னல். ஒவ்வொன்றிலும் எனக்குள் கோபம் ஒரு படி ஏறியது. வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா ஹால் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு மாத்திரை அட்டை, பாதி காலி.

"இத பாரும்மா. பிரிட்ஜ்ல நீ ஒட்னதுல இது இல்ல. மெடிக்கல்ல கேட்டேன், சக்கர மாத்திரதான்னாங்க. எங்கேர்ந்து வந்துச்சுன்னு..."

"மோதிரம் எங்கக்கா?"

"இன்னா மோதரம்?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "உங்க பையைக் கொஞ்சம் திறந்து காட்டிடுங்களேன். அப்பா மனசுக்காகத்தான்."

அப்பா மனசுக்காக என்று வேறு சொன்னேன். நேராகத் திருடி என்று சொல்லக்கூட எனக்குத் துப்பில்லை.

அக்கா பையை எடுத்து டீப்பாயின் மேல் கவிழ்த்தார். டிபன் பாக்ஸ், சீப்பு, சின்ன ஜெபப் புத்தகம், அப்பாவுக்குத் தடவுகிற தைலம், நகவெட்டி. ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைத்தார். மாத்திரை அட்டையை டீப்பாயிலேயே விட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "நாலு மணிக்கு குத்திப் பாரு" என்றார். படியிறங்கிப் போனார். லிப்டுக்குக்கூட நிற்கவில்லை.

அட்டையை நான் எடுக்கவில்லை. ஏதோ பழைய மாத்திரை என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது டீப்பாயில் இல்லை, அதையும் கவனிக்கவில்லை.

அக்கா போன நாலாம் நாள் சாயங்காலம். நான் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தேன். அப்பாவின் அறையிலிருந்து குறட்டை வந்தது. வழக்கமான குறட்டை இல்லை, கரகரவென்று. போய்ப் பார்த்தால் தலையணை நனைந்திருக்கிறது. உலுக்கினேன். எழவில்லை. கன்னத்தில் தட்டினேன், கத்தினேன். சாவியைத் தேடி பீரோவைத் திறந்து, இரண்டுமுறை தப்பாகக் குத்தி, மூன்றாவது முறை நம்பர் வந்தது. நாற்பத்தொன்று. ஐயோ, நாலு மணிக்கு ஒரு தபா என்று ஒரு மனுஷி தலைபாடாக அடித்துக்கொண்டாளே! ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். சர்க்கரைத் தண்ணீர் ஊற்றட்டுமா என்று கேட்டேன். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள் என்றார்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண்ணைத் திறந்தார். நான் என் கலர் பட்டியலை நீட்டினேன். டியூட்டி டாக்டர் சின்னப் பெண். அதைப் பார்த்துவிட்டு, "இதுல இல்லாம என்ன சாப்பிடறார்?" என்று கேட்டாள். அப்பாதான் சட்டையின் உள்பாக்கெட்டைத் தொட்டுக் காட்டினார். அட்டை அதில்தான் இருந்தது. அதோடு மோதிரமும் இருந்தது.

டாக்டர் சொன்னாள், இந்த மாத்திரை உடம்பில் தங்கும், சர்க்கரை மறுபடி இறங்கலாம், வயதானவர்களுக்கு அதிகம், இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் என்று. குழப்பம், கோபம், வியர்வை எல்லாம் அதனால்தான் என்றாள். அப்பாவுக்கு மறதி நோய் இல்லை என்ற சந்தோஷம் எனக்கு ஒரு பக்கம். மறுபக்கம், அப்பாவின் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"அவ மாத்திரையைக் கண்டுபிடிச்சிட்டா. உன்கிட்ட சொல்லிடுவான்னு பயந்துட்டேன்" என்றார் அப்பா. "வாய்ல வந்துடுச்சும்மா."

வீட்டுக்கு வந்த மறுநாள், கீழ் வீட்டு மாமியை அப்பாவுக்குத் துணை வைத்துவிட்டு, நான் கோவளத்துக்குப் போனேன். சர்ச்சைத் தாண்டி, படகுகள் இழுத்துப் போட்டிருக்கும் பக்கமாக ஒரு சந்தில் அக்காவின் வீடு. அவர் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினார். உட்காரச் சொல்லவில்லை. நான் எல்லாவற்றையும் கொட்டினேன். நாற்பத்தொன்று, மோதிரம், அப்பா சொன்னது, எல்லாம்.

"நைனா எப்டி கீறாரு?"

"நல்லா இருக்காருக்கா. அப்பா பொய் சொல்லிட்டாரு. மன்னிச்சிடுங்க. அவர் மேல கோவம் வெச்சுக்காதீங்க. திரும்ப வாங்க."

"அவரு மேல எனக்கு இன்னாத்துக்கு கோவம்? அவரு பொய்தான் சொல்லுவாரு. வயசு அது, பயம் அது. எனக்குத் தெரிஞ்சதுதான்." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார். "நீ நம்புன பாத்தியா. அதான்."

நான் அழுதேன். அவர் சமாதானப்படுத்தவில்லை. குடத்தை உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

"மணி இன்னா?"

"மூணேகால்."

"நைனா கூட யாரு கீறாங்க?"

"கீழ் வீட்டு மாமி."

"அவங்களுக்கு குத்தத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"அப்ப இங்க இன்னா பண்ற? கெளம்பு."

மெயின் ரோடு வரை கூடவே வந்தார். வந்த ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி, "கேளம்பாக்கம், வழில நிறுத்தாத, சீக்கிரம் போ" என்று டிரைவரிடம் சொன்னார். நான் ஏறி உட்கார்ந்து, "நாளைக்கு வர்றீங்களாக்கா?" என்று இன்னொரு தடவை கேட்டேன். அவர் திரும்பி நடந்துகொண்டிருந்தார்.

படியேறி வீட்டுக்குள் போனபோது நாலு ஆக ஐந்து நிமிடம். மாமி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"வர்றேன்னாளா?"

"யோசிச்சு சொல்றேன்னாங்கப்பா. அடுத்த வாரம் வந்தாலும் வருவாங்க."

பீரோவிலிருந்து கருவியை எடுத்து வந்து அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலை நீட்டினார்.